காலுக்குக் கேட்க வேண்டிய பேஸ்

ஸ்பீக்கர் ரிப்பேர்க்காரனிடம், சத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக யாரும் டாக்சி பிடித்து வருவதில்லை. துபாய் தேராவில் பஷீர் காக்காவின் கடையில் பத்து வருஷமாக நிற்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் ஸ்பீக்கரின் பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், போதவில்லை, மீதிப் பேருக்குப் பக்கத்து வீட்டு பேஸ் தாங்கவில்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற யாருக்கும் இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

சின்ன இடைவெளி

சபாபதி சார் கோயம்புத்தூர்க்காரர். கட்டிடக் கம்பெனியில் இன்ஜினியர், ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கிறார். தானே பலகை அறுத்துச் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடு வந்தார். காற்று வெளியே போக வழியில்லாத மூடிய பெட்டி வகை. பேஸ் மட்டும் வரவில்லை. "கல்யாண மண்டபத்துக்கா சார்?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மகள் தாரிணிக்குச் சின்ன வயதிலிருந்தே காது மந்தமாம். கருவி வைத்தால் பேச்சு கேட்கும், ஆனால் மிருதங்கத்தின் கனத்த அடி பிடிபடாது. அதைக் காலால் உணர்ந்துதான் பரதம் ஆடுகிறாள். மூன்று வாரத்தில் பள்ளி ஆண்டு விழா. இன்னொரு முறை தாளம் தவறினால் குழு நடனத்திலிருந்து எடுத்துவிடுவதாக டீச்சர் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலையில் இறங்கினேன்.

மூடிய பெட்டியில் ஸ்பீக்கரின் கோனை, முன்னால் அதிர்கிற அந்தக் காகிதக் கூம்பை, மெல்ல அழுத்தி விட்டால் நிதானமாகத் திரும்பி வர வேண்டும். இது சட்டென்று வந்தது. பின்பக்கம் பார்த்தால் வயர் துளையைச் சுற்றிச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சபாபதி சார் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது வயருக்குன்னு விட்டதுங்க, காத்துக்குன்னு விடலைங்களே."

காணாமல் போன கம்பளி

துளையை சிலிக்கான் வைத்து அடைத்து அனுப்பினேன். உள்ளே கொஞ்சம் பஞ்சைத் தளர்வாக வைத்தால் பேஸ் இன்னும் ஆழமாக வரும் என்றும் சொல்லி வைத்தேன். சொன்னது என் தப்பு. நாலாம் நாள் பெட்டிகள் திரும்பி வந்தன. இருந்த பேஸும் போய்விட்டது. திறந்தால், ஒரு பெரிய கம்பளியை இரண்டாக வெட்டி, பெட்டிக்குப் பாதியாகத் திணித்திருந்தார். காற்றுக்கு இடமே இல்லை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது கொண்டு போக எல்லா வீட்டிலும் அலமாரி மேல் ஒன்று இருக்குமே, அதுதான்.

கம்பளியை உருவிப் போட்டுவிட்டு ஒரு பழைய தலையணையின் பஞ்சை உதிர்த்து வைத்தேன். ஒவ்வொரு பெட்டியாக ஓட்டிப் பார்த்தபோது மேஜை மேலிருந்த ஸ்க்ரூக்கள் நகர்ந்தன. அந்த நேரம் பார்த்து அவர் மனைவியிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார். "ஏனுங்க, எங்கம்மாவுக்குன்னு வாங்கி வச்ச கம்பளிய வீடெல்லாம் தேடிட்டு இருக்கறனுங்க. நீங்க எங்கீங்க இருக்கறீங்க?"

யாருக்குக் கேட்கிறது

ஞாயிற்றுக்கிழமை நானே ஷார்ஜாவுக்குப் போனேன். தாரிணிக்குப் பதின்மூன்று வயது. ஜதி ஓட விட்டோம். எனக்கு நெஞ்சுக்குள் அடித்தது, கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டுப் போனார். அவ்வளவு சத்தம். அவள் மட்டும் கார்ப்பெட்டில் வெறுங்காலோடு நின்றுகொண்டு முகத்தைச் சுருக்கினாள். விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவள் சொன்னாள்: "அங்கிள், உங்களுக்குத்தான் கேக்குது."

இரண்டு பெட்டியின் சண்டை

கான்கிரீட் மேல் டைல்ஸ், டைல்ஸ் மேல் கார்ப்பெட். கால் வரைக்கும் எதுவும் போகாது. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது உறைக்கவில்லை. சபாபதி சார் சைட்டில் அனுமதி வாங்கி, கான்கிரீட் போட முட்டுக் கொடுக்கிற பிளைவுட் பலகை ஒன்றைக் கொண்டு வந்தார். கீழ் வீட்டுக்காகப் பலகைக்கு அடியில் ரப்பர் துண்டுகளை வைத்து, இரண்டு முனையிலும் பெட்டிகளைத் திருகி நிறுத்தினோம். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

தாரிணி நடுவில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பக்கம் தள்ளும்போது இன்னொரு பக்கம் இழுக்கிறது என்றாள். அப்படியெல்லாம் இருக்காதும்மா என்றேன். பத்து வருஷத் தலைக்கனம். அவள் விடவில்லை. கழற்றிப் பார்த்தால், பஞ்சு மாற்றிய அன்று ஒரு பெட்டியில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் நானேதான் மாற்றிக் கொடுத்திருந்தேன். ஒன்று முன்னே வர, மற்றது பின்னே போய், இரண்டும் பேஸைத் தின்றுகொண்டிருந்தன. சரி செய்ததும் அவள் ஆட ஆரம்பித்தாள். ஒரு அடிகூடத் தப்பவில்லை. சபாபதி சார் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

மறுநாள் கடையில் பஷீர் காக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் டீயை உறிஞ்சியபடி கேட்டார்: "அந்தப் புள்ள காலாலயே புடிச்சிருச்சு. நீ கையில மீட்டர வச்சுக்கிட்டு என்ன பண்ணுன?"

ஆண்டு விழா

டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மேடையோரத் திரைக்குப் பின்னால் ஒரு பெட்டியை வைக்க அனுமதி வாங்கினார் சபாபதி சார். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தும் கொண்டார். நான் கடைசி வரிசையிலிருந்து அவள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலிலிருந்து கடைசி வரை தாளத்தில் நின்றாள். ஜதியை முடிக்கிற தீர்மானத்தில் இன்னொரு பெண் தடுமாறி, தாரிணியைப் பார்த்துச் சேர்ந்துகொண்டாள்.

முடிந்ததும் பாராட்டிவிட்டு, பெட்டி நன்றாக உதவியதா என்று கேட்டேன். பாராட்டுக்கு அலைகிற தொழிலாயிற்றே. அவள் அப்பா தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஸ்டேஜே மரப்பலகைதான் அங்கிள், ஹால் ஸ்பீக்கர்லயே நல்லா தெரிஞ்சுது. நம்ம பாக்ஸ் வேண்டாம்னா அப்பாவும் அங்க உக்கார முடியாது. அதான் இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

சபாபதி சார் அடுத்த விழாவுக்கு இதைவிடப் பெரிய பெட்டி செய்யப் போகிறாராம், நானும் பலகைக் கடை பலகைக் கடையாக அவரோடு ஏறி இறங்கி, அது கட்டாயம் தேவைதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.