நுவரெலியாக்காரிக்கு வைத்த புக்கை

தெல்லிப்பழையில், எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், சுவர்ணாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் காண முடியாது. தொலைபேசி மணி அடித்தாலே யாரோ செத்துவிட்டார்கள் என்று நெஞ்சைப் பிடிப்பாள். கணவர் ஆழ்வாப்பிள்ளை கிணற்றுக்கட்டில் விழுந்து முள்ளந்தண்டு முறிந்து படுத்த பிறகு, அந்தப் பயம் இரண்டு மடங்காகியது. வீட்டில் அடுப்பெரிவது இனிப் பசுப்பாலில்தான் என்றானதும், அவளுடைய பயமெல்லாம் அந்த ஒரு பசுவின் மேல் வந்து குவிந்தது.

பசு குளிரான மலைநாட்டில் பிறந்தவள். கறுப்பும் வெள்ளையுமாக நல்ல உயரம். வந்த அன்றே ஒழுங்கை அவளுக்கு நுவரெலியாக்காரி என்று பெயர் வைத்துவிட்டது. வெயில் ஏறினால் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவாள். சுவர்ணா ஈரச்சாக்குப் போர்த்துவாள், மின்விசிறி போடுவாள்.

"உவளுக்கு ஃபான், எனக்குப் பனையோலை விசிறி" என்று ஆழ்வாப்பிள்ளை கட்டிலில் கிடந்து முறையிடுவார்.

பின்வளவில் சின்னக்கறுப்பி என்றொரு நாட்டுமாடும் நின்றது. ஒரு போத்தல் பாலுக்கு மேல் கறக்காத மாட்டை யார் நினைப்பார்கள்?

இந்த வருடம், மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கலன்று ஒழுங்கைக்கே நுவரெலியாக்காரி மேல் பாசம் பொங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு சர்க்கரை போட்டுப் பொங்கிய புக்கை வாழையிலையில் வந்தது. படலைக்குள்ளால் வந்தவர்கள் சிலர், வேலிக்கு மேலால் நீட்டியவர்கள் சிலர். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. இவ்வளவும் மாட்டுக்கு ஆகாது என்று சுவர்ணாவுக்குப் பட்டது. ஆனால் பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு வந்த புக்கையைத் தடுத்தால் தெய்வக்குற்றமாகிவிடுமே! அந்தப் பயத்தில் வாயே திறக்கவில்லை. போதாக்குறைக்குத் தன் பங்குக்கும் ஒரு சட்டி வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் மாடு படுத்துவிட்டது. வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்தது.

"இஞ்சருங்கோ, மாடு அசை போடுதில்லை!"

சுவர்ணா மாட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றாள். ஆழ்வாப்பிள்ளைதான் கட்டிலில் கிடந்தபடி மாட்டு வைத்தியர் நிரோஜாவை அழைத்தார்.

நிரோஜா வந்து மாட்டின் வயிற்றை அமத்திப் பார்த்தாள். "இண்டைக்கு என்ன குடுத்தனீங்கள், அக்கா?"

"புக்கை... கொஞ்சம்தான், டொக்டர்."

வேலிக்கரையில் கூடி நின்றவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு பிடி வைச்சனான்." அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். நிரோஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விசரே உங்களுக்கு? இவளின்ரை உடம்பு பரம்பரை பரம்பரையாய்க் குளிருக்கெண்டு வந்தது. அதை மாத்தேலாது. ஆனா எந்த மாட்டுக்கும் தீனியைச் செமிக்க வைக்கிறது வயித்துக்குள்ளை இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத கிருமியள். உந்த இமயமலையிலை யாக் எண்டொரு மாடு நிக்குது. காத்தே போதாத அவ்வளவு உயரத்திலை அது உயிரோடை நிக்கிறது ரத்தத்தாலை மட்டுமில்லை. அதின்ரை வயித்துக் கிருமியள் கொஞ்சப் புல்லிலையிருந்தும் கூடச் சத்தை எடுத்துக் குடுக்கும். இவளின்ரை கிருமியள் புல்லுக்குப் பழகினது. நீங்கள் அள்ளிப்போட்ட சோறும் சக்கரையும் புளிச்சு, அதுகளைச் சாக்கொண்டு போட்டுது."

"மாடு செத்துப்போடுமோ, டொக்டர்?"

"தெரியாது, அக்கா."

சுவர்ணா மாட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அடுத்த மாதம் என்ன செய்வது, அவருக்கு மருந்துக்கு எங்கே போவது என்பதே தலைக்குள் சுற்றியது.

நிரோஜா குழாய் விட்டுப் புளித்த தண்ணீரை இறக்கினாள். புளிப்பை முறிக்க அப்பச்சோடா கரைத்து ஊற்றினாள். பிறகு நிமிர்ந்து சனத்தைப் பார்த்தாள்.

"இனி வேறை மாட்டின்ரை வயித்துத் தண்ணி எடுத்து இவளுக்கு விடவேணும். அதிலைதான் உயிருள்ள கிருமி இருக்கு. ஆனா அந்த மாடு இண்டைக்குப் புக்கை தின்னாததாய் இருக்கவேணும். ஆரிட்டை இருக்கு?"

பட்டிப்பொங்கலன்று புக்கை தின்னாத மாட்டுக்கு எங்கே போவது?

அந்த நேரம் பின்வளவிலிருந்து சின்னக்கறுப்பி கத்தினாள். பொழுதுபட்டும் வைக்கோல் வரவில்லை என்ற கத்தல். மாலையும் இல்லை, பொட்டும் இல்லை, புக்கையும் இல்லை. ஊரே மறந்த மாட்டை வீட்டுக்காரியும் மறந்துபோனாள்.

"இருக்கு," என்றாள் சுவர்ணா. வெட்கத்தோடு பின்வளவைக் காட்டினாள். "எங்கடை வீட்டிலைதான் நிக்குது. நான் அவளுக்கு ஒண்டும் வைக்கேல்லை, டொக்டர்."

சின்னக்கறுப்பியின் வயிற்றுத் தண்ணீர் அன்று வாளியில் இறங்கி நுவரெலியாக்காரிக்குள் போனது. நிரோஜா எந்த உறுதியும் தராமல் கைகழுவிக்கொண்டு போனாள். சுவர்ணா மாட்டின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கு வெளுக்கும்போது அந்தத் தாடை மெல்ல அசைந்தது. மாடு அசை போட்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சட்டியில் மிஞ்சியிருந்த புக்கையை வழித்தெடுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினாள். சின்னக்கறுப்பி ஆவலோடு கழுத்தை நீட்டினாள். சுவர்ணாவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. இவளுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? இத்தனை வருடத்தில் இந்த மாட்டுக்காக அவள் பயந்தது இதுதான் முதல் தடவை.

புக்கையைக் காகங்களுக்கு எறிந்துவிட்டு, உட்கார்ந்து சின்னக்கறுப்பிக்குத் தீனியாகப் பனையோலையைக் கீற்றுக் கீற்றாக வாரத் தொடங்கினாள்.