கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிய வெர்ல் தோரப்

எங்கள் தெருவில் வெர்ல் தோரப்பிடம் திட்டு வாங்காத வீடு கிடையாது. என் வீடும் சேர்த்திதான். சால்ட் லேக் நகரத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை முடிந்த பிறகும் காலையில் எழுந்து, ரூட் போவதுபோலத் தெருவைச் சுற்றி வருவார். தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் யார் வீட்டிலாவது புல்லை விட்டுவிட்டு ரோட்டை நனைத்துக்கொண்டிருந்தால் போச்சு. வீட்டுக்காரர் வெளியே வரும்வரை கதவைத் தட்டுவார்.

"ரோட்டுல என்ன வெதச்சிருக்கீங்க, மார்வா? எப்ப அறுவடை?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். நான் அப்போதுதான் எழுந்து தலைகூட வாராமல் நிற்கிறேன்.

"கார் வெதச்சிருக்கேன். வெளஞ்சதும் ஒண்ணு உங்களுக்குத் தரேன், கெளம்புங்க" என்றேன்.

சிரிக்க மாட்டார் மனுஷன். குனிந்து ஸ்பிரிங்ளரின் தலையைத் தானே திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். இடுப்பு வலியோடு குனிந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருஷம் பனிக்காலம் எங்களை ஏமாற்றிவிட்டது. மலையில் பனி விழுந்தால்தான் கோடையில் குழாயில் தண்ணீர். ஏப்ரலிலேயே மலை மொட்டையாக நின்றது. ஊரை ஒட்டிய உப்பு ஏரி கரையைவிட்டு வெகுதூரம் போய்விட்டது. காற்றடித்தால் அதன் உப்புப் புழுதி ஜன்னல்வரை வந்து படிந்தது. புல்லுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தண்ணீர், வெயில் நேரத்தில் விடவே கூடாது என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். வெர்லுக்கு அந்தக் கட்டுப்பாடும் போதவில்லை. ஒரு நாளும் வேண்டாம் என்று வால்வை இறுக்கி மூடிவிட்டார். அவர் வீட்டுப் புல்தரை வைக்கோலாகிப் போனது. அடுத்த கோடையிலும் திறக்கவில்லை. அதைப் பார்த்து அவர் பெருமைப்பட்ட மாதிரி வேறு யாரும் பச்சைப் புல்லைப் பார்த்துக்கூடப் பெருமைப்பட்டிருக்க மாட்டார்கள்.

அவர் மனைவி ஆர்டித்துக்கு இடுப்பெலும்பு முறிந்து வாக்கரோடுதான் நடமாட்டம். மத்தியானத்தில் வீட்டுக்குள் அனல் அடிக்கும். அதனால் வேலியோரத்து மேப்பிள் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவாள். வேலிக்கு அந்தப் பக்கம் கிளியோ பேக்லியின் வீடு. கிளியோ பியானோ டீச்சர், தனி ஆள். பிள்ளைகள் பாடம் முடிந்து போனதும் வேலியோரம் வந்து நிற்பாள். அப்புறம் இரண்டு பேரும் ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சூடாகச் சுட்ட ரொட்டி வேலியைத் தாண்டி வரும். ஆர்டித்துக்கு அந்த மரத்தடிதான் வெளியுலகம்.

கிளியோவின் புல்தரை பச்சைப்பட்டு. வாரம் இரண்டு நாள்தான் விட்டாள், ஆனால் உச்சி வெயிலில். காலையில் விட்டால் பாடத்துக்கு வரும் பிள்ளைகள் நனைந்துவிடும் என்பது அவள் கட்சி. வெர்ல் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சர்ச்சில் உபவாச நாள். அன்றைக்குச் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம்; அங்கே எல்லோரும் எல்லோருக்கும் பிரதர், சிஸ்டர்தான். அந்த இரண்டாவது கோடையின் ஆகஸ்டில் மழைக்காக உபவாசம் என்று பிஷப் அறிவித்திருந்தார். எங்கள் சபையில் சம்பளத்துக்குப் பாதிரியார் கிடையாது; பிஷப்பே வாரநாட்களில் பல் டாக்டர், அதிர்ந்து பேசமாட்டார். வெர்ல் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"நாம வயித்தைக் காயப்போட்டுக் கடவுள்கிட்டத் தண்ணி கேக்குறோம். நம்மள்ல சிலபேர் உச்சி வெயில்ல அதைக் கொட்டுறாங்க. புல்லு செத்துடுமாம்! என் புல்லுக்கு ரெண்டு வருஷமா ஒரு சொட்டு விடல. வேலியோரத்துல என் மரத்தைப் பாருங்க. என்னமா தழைச்சு நிக்குது! ஒண்ணும் ஆகாது, சகோதர சகோதரிகளே. ஆசைதான் கொஞ்சம் குறையணும்."

பேர் சொல்லவில்லை. வேலி என்று சொன்னபிறகு பேர் எதற்கு? அத்தனை தலையும் கிளியோ பக்கம் திரும்பியது. அவள் மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தாள், காது மட்டும் சிவந்துவிட்டது. எனக்கு வெர்லின் டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

"பேர் மட்டும் சொல்லாம, கடவுளுக்கு அவ அட்ரஸை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியாக்கும்" என்று காரில் ஏறும்போது ஆர்டித் சொன்னது என் காதில் விழுந்தது.

அக்டோபரில் ஒரு லாரி வந்தது. கிளியோ புல் முழுவதையும் சுரண்டி எடுத்து, பின்பக்கமும் சேர்த்துச் சரளைக்கல் கொட்டிவிட்டாள். ஸ்பிரிங்ளர்களைப் பிடுங்கிப் போட்டாள். வேலியோரம் வருவதும் நின்றது, ரொட்டியும் நின்றது. வெர்ல் ஜெயித்துவிட்டார்.

அடுத்த ஜூலையில் மேப்பிள் இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. பிறகு சுருண்டன, பிறகு கோடையிலேயே கொட்டின. ஆர்டித்தின் மடிமீது வெயில் விழுந்தது. வெர்ல் பதறிப்போய் அடிமரத்தில் ஹோஸை வைத்துத் தண்ணீர் விட்டார். மரம் தேறவில்லை. நான் வெள்ளரிக்காய் கொடுக்கப் போனபோது ஆர்டித் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போயிடு ஆர்டித், மயக்கம் வந்துடும்" என்றார் வெர்ல்.

"உள்ள போய்ச் சுவரைப் பார்க்கணுமா? மரம் ஏன் சாகுதுன்னு உனக்கு இன்னுமா புரியல?"

"வறட்சி."

"வறட்சி போன வருஷமும்தான இருந்துச்சு! நீ ரெண்டு வருஷமா இந்தப் பக்கத்தைக் காயப்போட்டே. அது வேரை அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு கிளியோ தண்ணியைக் குடிச்சுது. அந்தத் தண்ணியிலதான் உனக்கு நிழல். அந்த நிழல்ல உக்காந்துக்கிட்டே அவளைத் திட்டினே."

 வெர்ல் மண்வெட்டியை எடுத்து வேலியோரம் தோண்டினார். தன் பக்கத்தில் வெறும் புழுதி, காய்ந்த வேர் நுனிகள். கை பருமனுள்ள வேர்களெல்லாம் வேலிக்கு அடியில் நுழைந்து கிளியோ பக்கம் போயிருந்தன. குழியை மூடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே கிளியோ வீட்டுக் கதவைத் தட்டினார். கதவுகளைத் தட்டிப் பழகிய கைதான், அன்றைக்கு மெதுவாகத் தட்டியது. கிளியோ வலைக்கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள்.

"உங்க பக்கம் கொஞ்சம் தண்ணி விட்டுக்கட்டுமா, சிஸ்டர்? மரம் போயிட்டிருக்கு. ஆர்டித்துக்கு..."

"எல்லார் முன்னாடியும் மைக்குல சொன்னீங்க பிரதர் தோரப். இப்ப வாசல்ல வந்து முணுமுணுன்னு கேக்குறீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

ஆகஸ்டின் உபவாச ஞாயிறு வந்தது. வெர்ல் மறுபடி மைக்கிடம் போனார். யார் தலை உருளப்போகிறதோ என்று பார்த்தேன்.

"போன வருஷம் இங்க நின்னு என் மரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அந்தச் சாட்சி பொய். அந்த மரம் சிஸ்டர் பேக்லி விட்ட தண்ணியில நின்னுச்சு. நான் அது தெரியாம அவங்களை உங்க எல்லார் முன்னாடியும் தலைகுனிய வச்சேன். இப்ப மரம் சாகுது. என் மனைவிக்கு உக்கார நிழல் இல்ல. அவளுக்கு இருந்த சிநேகிதத்தையும் நான்தான் கெடுத்தேன்." கிளியோ பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க, சிஸ்டர்."

 கிளியோ எழுந்தாள். மைக்கிடம் போகாமல் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"ஹோஸை எடுத்துட்டு வாங்க. மத்தியானத்துல மட்டும் வேண்டாம்."

பிஷப் உட்படச் சபையே சிரித்தது. வெர்லும் சிரித்தார், அழுகையும் சேர்ந்து வந்ததில் பார்க்க ஒருமாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து வெர்ல் அதிகாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ஹோஸை இழுத்துப்போய், சரளைக்கல்லுக்கு நடுவே சொட்டுச்சொட்டாக விட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் எல்லாம் தெரியும். தெரு சும்மா விடுமா?

"கல்லு நல்லா வளருதா பிரதர்?" என்று ஒருவர் காரை நிறுத்திக் கேட்டார். "உரம் போட்டீங்களா?" என்றார் இன்னொருவர். நானும் ஒருநாள், "எப்ப அறுவடை?" என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா சொல்லுங்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஹோஸை இடம் மாற்றி வைத்தார்.

வசந்தத்தில் மரம் பாதிதான் துளிர்த்தது. கிளியோ பக்கத்துக் கிளைகள் தழைத்தன. வெர்ல் பக்கம் முழுக்கப் பட்டுப்போய், அவரே ரம்பம் வைத்து அறுத்தார். ஆர்டித்தின் பழைய இடத்தில் இப்போது நேர் வெயில்.

அதனால் வேலியில் சில பலகைகளைக் கழற்றிவிட்டார். மத்தியானத்தில் ஆர்டித்தை வாக்கரோடு மெல்ல நடத்திக்கொண்டு வந்து, அந்த இடைவெளியில் நின்று தினமும் கேட்கிறார்:

"உள்ள வரலாமா சிஸ்டர்?"

"ஆர்டித் வரட்டும். நீங்க வெயில்லயே நில்லுங்க" என்பாள் கிளியோ. சொல்லிக்கொண்டே மூன்றாவது நாற்காலியை நிழலுக்குள் இழுத்துப் போடுவாள்.