கறிவேப்பிலையின் பாரம்

நான் ஆய்வுக்காக வந்த ஐரோப்பிய நகரில், ரொம்சோஸ் பகுதித் தமிழ்க் கடையில் காய்கறி நிறுப்பவரின் பெயரை நான் கேட்டதில்லை. மெலிந்த மனிதர். கடைக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார். எதை நிறுக்கும் முன்பும் தராசுத் தட்டைத் துணியால் துடைத்து, எண் பூச்சியத்துக்கு வரும்வரை காத்திருப்பார். கறிவேப்பிலையை மட்டும் நிறுக்காமல் கையால் அள்ளிப் பையில் போட்டுவிடுவார்.

ஒரு சனிக்கிழமை, "தம்பி யூனிவேர்சிட்டியிலை என்ன செய்யிறியள்?" என்று கேட்டார்.

நான் மதுரைக்காரன். "கேலக்ஸி ஓரத்துல நட்சத்திரங்கள் ரொம்ப வேகமா சுத்துதுங்க. கண்ணுக்குத் தெரியிற எடையோட ஈர்ப்பு அதுக்குப் பத்தாது. தெரியாத எடை ஏதோ இருக்கணும்னு தேடுறோம்."

"கிடைச்சதோ?"

"இன்னும் இல்லைங்க."

"தராசைப் பாத்தனீங்களோ?"

"எந்தத் தராசுங்க?" என்றேன்.

"கிழங்கு மூட்டைக்குச் சரியாக் காட்டுற தராசு கறிவேப்பிலைக்குப் பிழையாக் காட்டும். அதுக்காக இலைக்குள்ளை பாரம் ஒளிச்சிருக்கெண்டு சொல்லேலாது."

அவரைப் போலத் தராசையே சந்தேகித்து, ஈர்ப்பு மிக மெலிந்த இடத்தில் ஈர்ப்பு விதியே வேறாக இருக்கலாம் என்பவர்கள் என் துறையிலும் உண்டு. அவர்களைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

"அப்படிச் சொல்றவங்களுக்கும் வேற இடத்துல கணக்கு இடிக்குதுங்க" என்றேன், கொஞ்சம் சூடாக.

"ஓம், இடிக்கும்" என்றார் அமைதியாக. அடுத்தவருக்காகத் தட்டைத் துடைத்துவிட்டு, பூச்சியத்துக்குக் காத்திருந்தார்.

கறிவேப்பிலைப் பையோடு வெளியே வந்தேன். அதன் பாரம் எவ்வளவு என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. தெரியாது என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.