பேர் சொல்லும் சனிக்கிழமை

சுகிர்தம் பொய் சொல்கிறவள் இல்லை. பூச்சிக்கு ஆறு கால் என்றால், ஆறையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுதுவாள். விலங்கியல் படித்தவள், நாசரேத்துக்காரி. பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது. 1962 ஜூலை 21, சனிக்கிழமை. ஆரம்பித்தது சாயங்காலம் ஐந்து இருபதுக்கு. விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவள் அன்று எழுதிய நோட்டு இன்னும் இருக்கிறது.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில், அப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன மியூசியம் இருந்தது. பழைய பங்களா. மூன்றே அறை. பஞ்சு அடைத்த மலையணில், சிங்கவால் குரங்கின் எலும்புக்கூடு, ஸ்பிரிட் பாட்டில்களில் பாம்பும் தவளையும். பொறுப்பு முழுக்க சுகிர்தம்தான். வயது இருபத்தெட்டு. துணைக்கு ஒரே ஆள், பீர் மைதீன். தென்காசிக்காரர், ஐம்பது தாண்டியவர். பூட்டுவது, திறப்பது, பாட்டில்களுக்கு ஸ்பிரிட் ஊற்றுவது எல்லாம் அவர் வேலை.

சாரல் சீசனில் சனிக்கிழமைதோறும் மூன்று மணி முதல் ஆறு மணி வரை பொதுமக்கள் நாள். வீட்டில், வயலில், காட்டில் எதைக் கண்டெடுத்தாலும் கொண்டு வரலாம். அது என்ன என்று சுகிர்தம் பேர் சொல்வாள். காசு கிடையாது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஜனங்கள் வந்து குவிவார்கள். தீப்பெட்டிக்குள் தேள் வரும். இருவாட்சிப் பறவையின் மூக்கு வரும். ஒரு ஜவுளிக்கடைக்காரர் பட்டுத்துணியில் சுற்றி நாகரத்தினம் கொண்டு வந்தார். அது கண்ணாடி மணி. சொன்னதும் அவர் முகம் விழுந்ததைப் பார்த்து சுகிர்தத்துக்கே பாவமாகிவிட்டது.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அந்தத் தப்பு நடந்தது.

அன்று இருநூறு பேருக்கு மேல். அறையில் நிற்க இடமில்லை. இலத்தூரிலிருந்து நம்பிராஜன் என்ற விவசாயி ஒரு பானையில் உயிருள்ள பாம்பு கொண்டு வந்திருந்தார். கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம். வண்டிச் சக்கரம் ஏறி வால் நுனி போயிருந்தது. சுகிர்தம் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே எடுத்துப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கோல் வரையன்" என்றாள். "கட்டுவிரியன் மாதிரியே இருக்கும். ஆனா வெஷம் கெடையாது. பல்லியத் திங்கும். அடிக்காதீங்க. வீட்டுப் பக்கமே விட்டுருங்க."

"நீங்க சொன்னாச் சரி டீச்சர்" என்று அவர் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரியிலிருந்தே அது அவளை அரித்தது. எடுத்துப் பார்த்திருக்கலாமோ? இலத்தூருக்கு ஒரு நடை போய் வரலாமோ? நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடிவிட்டது.

ஜூலை 21. காலையிலிருந்து விடாத சாரல். கூட்டம் குறைவு. ஐந்து மணிக்கெல்லாம் அறை காலி. பீர் மைதீன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். சுகிர்தம் மேசையில் உட்கார்ந்து அன்றைய குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம். தூரத்தில் அருவி இரைச்சல்.

கடிகாரம் ஐந்து இருபது.

"பேர் சொல்லுத எடம் இதானா?"

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பொம்பளை நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஊதாப் புடவை. இடது முழங்கையில் பச்சை குத்திய தேள். இடுப்பில் ஒரு மண்பானை. பானை வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"ஆமா, வாங்க. என்ன கொண்டாந்திருக்கீங்க?"

அவள் பானையை மேசையில் வைத்தாள். சத்தமே இல்லை. மண்பானை மரத்தில் பட்டால் 'டொக்'கென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

"இதுக்குப் பேரு வேணும்."

சுகிர்தம் துணியை அவிழ்த்தாள். கொக்கிக் கம்பியால் மெதுவாகத் தூக்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டாள். கறுப்பு உடம்பு. வெள்ளை வளையம்.

வால் நுனி இல்லை.

லென்ஸை எடுத்தாள். முதுகின் நடுவில் ஓடும் செதில்களைப் பார்த்தாள். பக்கத்துச் செதில்களைவிடப் பெரியவை. ஆறு மூலை. சந்தேகமே இல்லை. போன வாரம் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"கட்டுவிரியன்" என்றாள். "கொடிய வெஷம்."

"கட்டு... விரியன்." அந்தப் பொம்பளை பாடம் படிப்பதுபோல் சொன்னாள். நாக்கு குழறியது. "கட்டு... விரியன். அன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியல."

சுகிர்தம் பேனாவை எடுத்தாள். 5.25. கட்டுவிரியன். மூன்றடி. வால் நுனி இல்லை. இலத்தூர்.

எழுதும்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். வெளியே சாரல். வந்த எல்லாரும் தரையைச் சேறாக்கியிருந்தார்கள். இவள் காலடியில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. தலைமுடி காய்ந்திருந்தது.

"போன வாரம் எங்க வீட்டுக்காரரு இதத்தான் கொண்டாந்தாரு. வெஷம் இல்லன்னு சொன்னீங்களாம்."

"தப்பாச் சொல்லிட்டேன். என் தப்புதான். இது எங்கன கெடந்துச்சு?"

"பாயிலதான் கெடக்கும். நெல்லுக் குலுக்கைப் பக்கத்துல."

அவள் குனிந்து தொட்டியைப் பார்த்தாள். இமைகள் தொங்கிப்போய்க் கண்ணை முக்கால்வாசி மூடியிருந்தன. ஆள்காட்டி விரலால் ஒரு இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாம்பைப் பார்த்தாள்.

விரலை எடுத்தாள். இமை விழுந்தது.

சுகிர்தம் இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். கட்டுவிரியன் கடித்தால் முதலில் இமைதான் விழும். பிறகு நாக்கு குழறும்.

"உங்களக் கடிச்சிருக்கா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் டீச்சர். தூக்கத்துல தெரியாது. விடியக்கால வயித்த வலிக்கும். பொறவு கண்ணு மூடிரும். தொறக்கணும்னு நெனச்சாலும்... தொறக்காது. கை அசையாது. மூச்சு குறையும்."

நிறுத்தினாள்.

"காது மட்டும் கேக்கும். எல்லாரும் அழுவுதது... கேக்கும்."

சுகிர்தம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "இங்கனயே இருங்க. அசையாதீங்க. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்!"

வாசலுக்கு ஓடினாள்.

"பாய்! ஓடிப்போய் ஒரு கார் பிடிங்க! பாம்புக் கடி!"

பீர் மைதீன் பீடியைப் போட்டுவிட்டு ஓடினார்.

அப்போது அவள் காதில் அருவி இரைச்சல் விழுந்தது. திடீரென்று, யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

அப்படியானால்... இவ்வளவு நேரம் அது கேட்கவில்லை.

கூரைச் சத்தமும் கேட்கவில்லை.

திரும்பி அறைக்குள் வந்தாள்.

யாரும் இல்லை.

பின்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. மேசையில் பானை இல்லை. கண்ணாடித் தொட்டி காலி. விரலால் தடவிப் பார்த்தாள். தூசிதான் ஒட்டியது.

நோட்டில் மட்டும் அவள் கையெழுத்து. சாரல் ஈரத்தில் மை இன்னும் காயவில்லை.

மணி 5.34.

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து நடுங்கியிருப்பார்கள். சுகிர்தமும் நடுங்கினாள். ஆனால் அந்தப் பாம்பு இலத்தூரில் ஒரு வீட்டில் இருக்கிறது. அனுப்பி வைத்தது அவள். போன வார நோட்டைப் புரட்டினாள். 'நம்பிராஜன், தெற்குத் தெரு.' 5.50க்கு வாடகைக் கார் வந்தது. கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு ஏறினாள். "பூட்டிருங்க பாய்" என்றாள். வழி முழுக்க ஒரே ஜெபம்தான்.

6.25க்கு இலத்தூர். மழை இருட்டு. நம்பிராஜன் வாசலில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்! நீங்க எங்க இங்கன..."

"நெல்லுக் குலுக்கை எங்க இருக்கு?"

அவர் கையைக் காட்டுமுன் அவள் உள்ளே போய்விட்டாள். நெல் கொட்டி வைக்கும் ஆளுயர மண் குலுக்கை. அதன் பக்கத்தில் ஒரு பாய். பாயில் ஒரு சின்னப் பெண் கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தாள்.

"காய்ச்சல்" என்றாள் அடுப்படியிலிருந்து வந்த ஒருத்தி. "மத்தியானத்துல இருந்து எந்திரிக்கல. நீங்க யாரு?"

சுகிர்தம் குனிந்தாள். பிள்ளையை அப்படியே வாரித் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். கம்பியால் பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

தலைமாட்டில்... பாய்க்கு அடியில்...

சுருண்டு கிடந்தது.

கறுப்பு. வெள்ளை வளையம். வால் நுனி இல்லை.

நம்பிராஜன் கம்பெடுத்து மூன்றே அடியில் முடித்துவிட்டார். பிள்ளையின் கை கால் முழுக்க லாந்தர் வெளிச்சத்தில் தேடிப் பார்த்தார்கள். கடி இல்லை. கண் நன்றாகத் திறந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது. உலகம்மை என்று தன் பேரைச் சொன்னது, பத்து வயசு என்றது, தண்ணீர் கேட்டது. சுகிர்தம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரம் நான் வெளிய எடுத்துப் பாக்காமச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க. உங்க வீட்டம்மா மட்டும் இன்னைக்கு வந்து சொல்லலைன்னா..."

"நானா?" என்றாள் பிள்ளையை வைத்திருந்தவள். நம்பிராஜனின் மனைவி மாடத்தி அவள்தான். சுகிர்தம் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். மியூசியத்துக்கு வந்தவள் இவள் இல்லை. "நான் வீட்ட விட்டு எறங்கவே இல்லையே. பிள்ளைக்குக் காய்ச்சல்."

"ஊதாப் புடவ கட்டியிருந்தாங்க. எடது கையில தேள் பச்ச. எங்க வீட்டுக்காரருன்னு சொன்னாங்க."

நம்பிராஜன் கையிலிருந்த கம்பு விழுந்தது.



"தங்கத்தாய்" என்றார். "என் மொதச் சம்சாரம். இந்தப் பிள்ளையப் பெத்தவ. ஒம்பது வருசமாச்சு டீச்சர். இதே எடத்துலதான் படுத்திருந்தா. விடியக்கால வயித்து வலின்னா. பொறவு கண்ணு சொருகிட்டு. காத்து கருப்புன்னு வேப்பில அடிச்சோம். ஒடம்புல ஒரு காயம் இல்ல. மத்தியானம் அசைவே இல்ல. சாயங்காலம்... எடுத்துட்டோம்."

சுகிர்தம் அந்தப் பாயைப் பார்த்தாள். கட்டுவிரியன் கடித்தவர்களைப் பற்றிப் புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. சிலபேர் செத்தவர் மாதிரியே கிடப்பார்கள். மூச்சு இருப்பது தெரியாது. ஆனால் நினைவு இருக்கும்.

காது மட்டும் கேக்கும்.

அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

"இதுக்குப் பேரு என்ன சொன்னீங்க?" என்று அவர் கேட்டார்.

"கட்டுவிரியன்."

"கட்டு... விரியன்" என்றார் மெதுவாக. செத்துக் கிடந்த பாம்பைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் சுகிர்தம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை 9.10. பீர் மைதீன் மியூசியத்துக்கு வந்தார். உட்காரவில்லை. சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடாதவர் மாதிரி இருந்தார்.

"என்ன பாய்?"

"இந்தச் சனிக்கிழமை தொறக்காண்டாம் டீச்சர்."

"ஏன்?"

"அன்னைக்கு நீங்க கார்ல போனீங்களா... நான் பூட்டலாம்னு வந்தேன். வராந்தாவுல வரிசையா நிக்காங்க. எண்ணிப் பாத்தேன், பதினோரு பேர். ஆம்பள, பொம்பள, எல்லாம் உண்டு. ஒருத்தர் கையிலயும் குடை இல்ல. ஆனா ஒருத்தரும் நனையல. ஒவ்வொருத்தர் கையிலயும் எதையோ மூடி வச்சிருந்தாங்க. பேச்சுமூச்சு இல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொதுசனம்னுதான் நெனச்சேன். டீச்சர் போயிட்டாங்க, அடுத்த சனிக்கிழமை வாங்கன்னேன். சரின்னு தலையாட்டிட்டு ஒவ்வொருத்தரா எறங்கிப் போனாங்க."

அவர் வராந்தாப் பக்கம் திரும்பினார்.

"கடைசியாப் போனவன் திரும்பிப் பாத்தான். என் தம்பி மசூது. ராத்திரி நல்லாத்தான் படுத்தான், காலையில எந்திரிக்கல. ஆறு வருசம் ஆச்சு டீச்சர்... நான்தான் மண்ணு போட்டேன்."

வெளியே அருவி இரைந்துகொண்டிருந்தது.

"உள்ளங்கையப் பொத்தி வச்சிருந்தான். 'என்னல அது, காட்டு'ன்னேன். 'டீச்சர்கிட்டதான் காட்டுவேன்'னான்."

சுகிர்தம் நோட்டைத் திறந்தாள். மூடினாள். மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்தாள்.

"தொறக்கத்தான் வேணும் பாய்" என்றாள். "வரச் சொல்லிட்டீங்கல்ல."