புரட்டியதும் கண்ணைத் திற

கல்லூரியில் படித்தபோது பேய்ப்பட ட்ரைலர் ஒன்று எடுத்தோம். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் கெஞ்சி வாங்கிய கேமரா. முகப்பவுடரும் நீல மையும்தான் மேக்கப். டைரக்டர் என்ற திமிர் எனக்கு. திருவொற்றியூரில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கு நடுவே, என் நண்பன் சேகரைக் கிழிந்த வலையில் சுற்றிப் பிணமாகக் குப்புறப் படுக்க வைத்தேன்.

"ஹீரோ வந்து புரட்டுவான். டக்குனு கண்ணைத் தொற மாமு. பாக்கறவன் அலறணும்!"

கேமரா ஓடியது. ஹீரோ வருவதற்குள், மீனவர் குப்பத்திலிருந்து ஓர் அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். பின்னாலேயே ஆண்கள்.

"மவனே... எம் மவனே!"

கடலுக்குப் போன படகு ஒன்று இரண்டு நாளாகத் திரும்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. கத்திப் பார்த்தேன். அலைச் சத்தத்தில் சேகருக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்த அம்மா அவனைப் புரட்டினார். ஹீரோதான் என்று நினைத்து அவன் கண்ணைத் திறந்தான்.

அவர் அலறவில்லை. தன் பிள்ளை இல்லை என்று தெரிந்த பிறகும், அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஆண்களைப் பார்த்துக் கத்தினார்.

"உசுரு கீதுடா! எவ பெத்த புள்ளையோ, உசுரோட கீதுடா!"

பார்ப்பவர்கள் பயந்து நடுங்க வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருந்த அந்த ஒரு நொடிக்காகத்தான், அவர் இரண்டு நாளாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.