விளம்பரம் வராத ரேடியோ

உலகத்திலேயே விளம்பரம் வராத ரேடியோ எங்கள் காரில்தான் இருக்கிறது என்று என் மாமியார் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலும் போய்ப் பெருமையடித்திருக்கிறார். "எங்க கார் ரேடியோவுல பாட்டு மட்டுந்தான் வரும். அவன் வாங்கும்போதே பாத்து வாங்கியிருக்கான்!"

அவன் என்றது என் வீட்டுக்காரரை. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிளியரிங் ஆபீஸில் வேலை. அவர் வாங்கியது பல கை மாறிய பழைய கார். அதில் ரேடியோவைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது. ப்ளூடூத் இல்லை, பென் டிரைவ் சொருக இடமில்லை. அதனால் ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கி வந்தார். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். சிகரெட் லைட்டர் ஓட்டையில் அதைச் சொருகினால், போனில் ஓடுகிற பாட்டைக் காருக்குள்ளேயே ஒலிபரப்பும். எந்த நிலையமும் பேசாத எண்ணாகப் பார்த்து ரேடியோவை வைத்தால் போதும், பாட்டு கணீரென்று வந்துவிடும். போனுக்கு சார்ஜும் ஏறும். மாமியாரைப் பொறுத்தவரை அது சார்ஜ் போடுகிற சாமான், அவ்வளவுதான். நாங்களும் திருத்தவில்லை. எதற்கு வீணாக அவர் பெருமையைக் கெடுப்பானேன்?

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்திருந்தது. எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் இருபது பேரோடு இருபத்தோராவது ஆளாக நின்று பாடிக்கொண்டிருந்த என்னை, மெல்லிசைக் குழு நடத்துகிற ஒரு அண்ணாச்சி திருவிழாக் கச்சேரிக்குக் கூப்பிட்டார். அவரே எழுதி மெட்டுப் போட்ட புதுப் பாட்டு. மேடையில் நான் மட்டும் தனியாகப் பாட வேண்டும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

வீட்டில் சொன்னதும் மாமியார் ஒரே போடாகப் போட்டார். "கோயில்ல பாடு. ஆண்டவரு பொறுத்துக்கிடுவாரு. ஏளா, மேடையில பாடினா ஊரு பொறுக்குமா? மேடைக்கு ஒனக்குக் கொரலு காணாது."

என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "அம்மா சரின்னுட்டா எனக்கென்ன?" என்றார். நல்ல ஆண்பிள்ளை! எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. அண்ணாச்சியோ, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பூசை முடிந்த கையோடு மூவரும் உடன்குடிக்குக் கிளம்பினோம். கருப்பட்டியை அங்கேயே போய் மோந்து பார்த்து வாங்கினால்தான் மாமியாருக்குத் திருப்தி. அவர் முன்சீட்டில், நான் போனோடு பின்சீட்டில். முத்தையாபுரத்தில் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒருவழியாகத் திருச்செந்தூரையும் தாண்டிவிட்டோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சாயங்காலம் அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்வது என்பதே மண்டையைக் குடைந்தது.

சாலையில் ஒரு பள்ளம். கார் இறங்கி ஏறிய குலுக்கலில் டிரான்ஸ்மிட்டர் கழன்று விழுந்தது. பாட்டு நின்றது. எங்கள் வீட்டுப் பக்கம் அந்த எண்ணில் வெறும் இரைச்சல்தான் வரும். இங்கே கடற்கரை ஓரம் பாருங்கள், அதே எண்ணில் இலங்கை நிலையம் வந்து நின்றது. அறிவிப்பாளர் ஒருவர் நேயர்களை நலம் விசாரித்து, அடுத்து ஒரு புதிய பாடல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிலோன் வந்துட்டு!" என்று மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிலோன் ஸ்டேஷன் என்றால் அவருக்கு உயிர். பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் பிறந்தார்கள் என்பது அவர் தீர்மானம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்!

எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. மாமியார் வெளியே போயிருந்த நேரம் அண்ணாச்சி அனுப்பிய இசையை ஓடவிட்டு நான் பாடிப் பதிந்த பாட்டு என் போனில் இருந்தது. வந்தது வரட்டும்! "என்னங்க, அந்தச் சார்ஜரக் கொஞ்சம் சொருகுங்க" என்றேன். அவர் சொருகினார். நான் அமுக்கினேன்.

இசை எழுந்தது. பிறகு என் குரல். அடடா, கார் ஸ்பீக்கரில் என் குரல் இப்படியா இருக்கும்! அதைப் பாடியது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாமியார் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

"கேட்டியாலே! சிலோன்காரின்னா சிலோன்காரிதான். கொரல்ல என்ன ஒரு குளுமை!" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நல்லாக் கேட்டுக்கோளா. பாட்டுன்னா இப்பிடி இருக்கணும்."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் மாமி" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த முழியில் கார் ஒரு ஆட்டம் ஆடியது. எனக்கோ இறங்கி நடுரோட்டில் குதிக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம்! மாமியாருக்குக் குரல் பிடிபடாததில் ஆச்சரியமில்லை. கோயிலில் என் குரல் கூட்டத்தோடு போய்விடும். வீட்டில் அவர் கேட்பதெல்லாம் "சாப்பிட வாங்க மாமி"தானே.

"சத்தத்தக் கூட்டுலே" என்றார். வீட்டுக்காரர் கூட்டினார். இரண்டாவது சரணம் உச்சத்துக்குப் போகிற நேரம், ரேடியோ அலறியது.

"ஏளா! பால் பொங்கி ஊத்துது! கண்ணு எங்கன கெடக்கு ஒனக்கு?"

"இந்தா வந்துட்டேன் மாமி!"

அதோடு பதிவு முடிந்தது. பாடிய பாட்டைக் கடைசி வரை கேட்டுப் பார்க்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் காரை ஓரங்கட்டினார். மாமியார் ரேடியோவையே பார்த்தார். பிறகு அந்தச் சாமானைப் பிடுங்கினார். இலங்கை அறிவிப்பாளர் பேசினார். திரும்பச் சொருகினார். அறிவிப்பாளரைக் காணோம். மறுபடி பிடுங்கினார், மறுபடி சொருகினார். இருந்த கொஞ்ச வாய்ப்பையும் நானே கெடுத்துக்கொண்டேன், இனி இந்த வீட்டில் பாட்டு என்று வாயைத் திறக்க முடியாது என்றே நினைத்தேன்.

"எவளா அவ? நல்லாப் பாடிக்கிட்டு இருந்த பிள்ளைய நடுவுல கத்திக் கெடுத்தவ?" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"முழிக்காதளா. அந்தக் கச்சேரிக்காரருக்குப் போனப் போடு."

போட்டேன். அந்தச் சாமானில் மைக்கும் உண்டு; மணி அடிப்பதும் ரேடியோவில்தான் கேட்டது. அண்ணாச்சியின் குரலும் அதிலேயே வந்தது. "சொல்லும்மா. என்ன முடிவு பண்ணிருக்கிய?"

மாமியார் ரேடியோவுக்கு நேராகக் குனிந்து, கடலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார். "நான் அவ மாமியாரு பேசுதேன். எம் மருமவ பாடுவா. மைக்கு மட்டும் நல்லதா வையும். ஓட்ட மைக்கக் குடுத்தீர்னா நான் மேடையேறி வந்துருவேன், ஆமா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அண்ணாச்சி இழுத்தார். "இல்ல, கொரலு காணாதுன்னு நீங்கதான் சொன்னதா..."

"அது நான் கேக்கதுக்கு முந்தி" என்றார் மாமியார்.