நான் திருப்பி அனுப்பிய டவர்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்கு வரவிருந்த போன் டவரைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். அப்போது அதில் எனக்கு எவ்வளவு பெருமை! பக்கத்து வளவுக்காரர் போன் கம்பனிக்குக் காணி கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் கொதித்துப்போய், சைக்கிளில் வீடு வீடாகத் திரிந்து கையெழுத்து வாங்கினேன். கதிர்வீச்சு, புற்றுநோய் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கம்பனிக்காரர் அளந்து நட்ட கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வருஷம் அப்பா செத்துப்போனார். பிரான்சில் இருக்கும் தம்பியின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது.

"அக்கா, பெட்டி மூடமுதல் அப்பாவின்ரை முகத்தை ஒருக்கா வடிவாய்க் காட்டுங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"ஓமடா, காட்டுறன்" என்றேன்.

எங்கள் வீட்டில் சிக்னல் எப்போதும் அரைகுறைதான். ஆனாலும் காலையில் வீடியோ வந்தது, தம்பி அழுவதுகூடக் கேட்டது. கிரியை தொடங்கியதும் சனம் கூடியது. பார்த்தால் பாதிப்பேர் கையில் போன். ஒருத்தி கனடாவுக்குக் காட்டுகிறாள், ஒருவர் லண்டனுக்குக் காட்டுகிறார். இப்போது எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் இப்படித்தான். இருந்த கொஞ்சநஞ்ச சிக்னலும் அவர்களுக்கே போதாமல் போயிற்று. தம்பியின் முகம் என் போனில் அசையாமல் நின்றது.

"ஐயோ, எல்லாரும் போனை நிப்பாட்டுங்கோ! என்ரை தம்பி பாக்கவேணும்!"

சிலர் நிறுத்தினார்கள். சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து பிடித்தார்கள். "பிள்ளை, ராகுகாலத்துக்கு முதல் எடுக்கவேணும்" என்று குருக்கள் அவசரப்படுத்தினார். நான் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தெருவாசல் படலைக்கு ஓடினேன். அங்கே சிக்னல் வந்தது.

"அக்கா, ஒழுங்கை தெரியுது. அப்பா எங்கை?"

திரும்பிப் பார்த்தேன். பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த பின்னேரம் தம்பி போன் எடுத்தான். நான் படலையடியில் நின்று கதைத்தேன்.

"இந்தக் காலத்திலை ஒரு டவர் இல்லாத ஊரே அக்கா? உங்கை ஆர் அதைத் தடுக்கிறது?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அப்பாவைக் காட்டுகிறேன் என்று சொல்லி ஒழுங்கையைக் காட்டியவள் நான். இன்னொரு பொய்க்கு வாய் வரவில்லை.

"நான்தானடா."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அறுபடவில்லை. அவன் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது.